கடைசி வீட்டு வோல்டேஜ்

சுவரில் வெயில் இருக்கும்போதே டியூப் லைட்டைப் போட்டுவிடுகிற வீட்டில் வளர்ந்தவர்கள் உங்களில் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள். தோள்வலிக்காரர்கள் தலையை ஆட்டினால் போதும், நம் வயசுக்கு அந்தச் சலுகை உண்டு.

போன வாரம் தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு எல்இடி பல்பு வாங்கினேன். கடையில் இருந்த பிள்ளை, வோல்டேஜ் எவ்வளவு இறங்கினாலும் இது மங்கவே மங்காது என்று பெருமையாகச் சொன்னான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கு என்ன தெரியும், பாவம். வோல்டேஜ் ஏறி இறங்கியதில் எங்கள் வீட்டில் ஒரு பெண்ணின் தலையெழுத்தே மாறிப்போனது என்று நான் ஆரம்பித்திருந்தால், வெயிலில் வந்த கிழவிக்கு முதலில் தண்ணீர் கொடு என்றிருப்பான். அதனால் அவனை விட்டுவிட்டு உங்களைப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் வீடு மேற்குத் தாம்பரத்தில், ரயில் பாதையைத் தாண்டி வெகுதூரம் உள்ளே. தாத்தா காலம் வரை நெல் விளைந்த நிலம். அப்பா அதில் கல் நட்டு, மனைமனையாகப் பிரித்து விற்றார். ஊரில் அவருக்கு மனைக்காரர் என்றே பெயர். டிரான்ஸ்பார்மர் இருந்தது மெயின் ரோட்டு ஓரத்தில். அங்கிருந்து ஒரே ஒரு லைன் தெருவோடு நடந்து வந்து எங்கள் வீட்டு வாசலில் முடியும். எங்கள் வீடு ஒன்றே ஒன்று இருந்த காலத்தில் பல்பு ஜெகஜோதியாக எரிந்ததாம். அப்பா மனைகளை விற்க விற்க, வீடுகள் எழும்ப எழும்ப, ஒவ்வொரு வீட்டிலும் லைட்டும் ஃபேனும் சுற்றச் சுற்ற, எங்கள் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக அவர்கள் வீட்டுக்குக் குடிபோய்விட்டது. விற்றவரும் அவரே, இருட்டில் உட்கார்ந்தவரும் அவரே. அம்மா இதை வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிக் காட்டாமல் விடமாட்டாள்.

அம்மாவின் தம்பி அப்போது எங்களோடுதான் இருந்தார். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தார். வேலை கிடைக்கிற வரைக்கும் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் மின்சாரத்தை விளக்குவது என்று வைத்துக்கொண்டிருந்தார் மாமா. தெருக்குழாயை வைத்துத்தான் எனக்குச் சொன்னார். முதல் வீட்டிலிருந்து எல்லோரும் குழாயைத் திறந்துவிட்டால் கடைசி வீட்டுக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். தண்ணீர் இல்லாமல் இல்லை, தள்ளுகிற வேகம் போய்விட்டது. அந்த வேகம்தான் வோல்டேஜ். அத்தோடு குண்டு பல்புக்கு ஒரு கெட்ட குணம் உண்டு என்றும் சொன்னார். வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தால் வெளிச்சம் ரொம்பக் குறைந்துவிடும், கொஞ்சம் ஏறினால் ரொம்ப ஏறிவிடும். இதைப் படித்துப் புரிந்துகொண்டதாக நான் சொல்லவில்லை. சாயங்காலம் ஆனால் தலைக்கு மேலேயே பார்த்துக்கொள்ளலாம். பல்புக்குள்ளே இருக்கிற கம்பிச் சுருள் செக்கச்செவேலென்று ஒரு பூச்சி போலத் தெரியும். கண் கூசாமல் நேராக அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம். ஃபேனின் இறக்கைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்து முகம் காட்டிவிட்டுப் போகும்.

டியூப் லைட்டின் கதை வேறு. ஆறு மணிக்கு மேல் சுவிட்சைப் போட்டால் ஸ்டார்டர் டிக் டிக் என்று அடித்துக்கொள்ளும், இரண்டு முனையும் சிவக்கும், அதோடு சரி. பற்றிக்கொள்ளவே கொள்ளாது. ஆனால் ஒரு தடவை பற்றிக்கொண்டுவிட்டால் வோல்டேஜ் இறங்கினாலும் தம் பிடித்து எரிந்துகொண்டிருக்கும். அதனால் தெரு முழுக்க விளக்கு வைக்கும் முன்னே, பளீரென்று வெயில் அடிக்கிற நேரத்திலேயே டியூபைப் போட்டுவிடுவார்கள். போட்ட பிறகு தூங்கப்போகிற வரைக்கும் அந்தச் சுவிட்சின் பக்கம் ஒருவரும் போகக்கூடாது. கறுப்பாக, உருண்டையாக, மூக்கு நீட்டிக்கொண்டு ஒரு சுவிட்ச் இருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? அதன் மேல் அம்மா ஒரு மஞ்சள் துணியைக் கட்டிவைத்திருந்தாள். சாமிக்கு நேர்ந்துகொண்டது என்று நினைத்து ஒரு தடவை பால்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அந்தக் கோடையில்தான் திருநீர்மலைப் பக்கத்திலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். தூரத்து உறவு, நல்ல இடம், பையனுக்கு நிரந்தர வேலை. அக்கா அப்போது காலேஜ் கடைசி வருஷம் எழுதிவிட்டு இருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா கூடத்துக்குள் கால் வைத்ததும் நிமிர்ந்து பார்த்தாள். வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே டியூப் எரிகிறது. பெண்பிள்ளைகள் சிக்கனமாக இருக்க வேண்டாமோ என்று சிரித்துக்கொண்டே சொல்லி, மஞ்சள் துணியை ஒதுக்கி, சுவிட்சைத் தட்டி அணைத்துவிட்டாள்.

வந்தவர்களை, அதுவும் சம்பந்தி ஆகப்போகிறவளை, என்ன சொல்ல முடியும்? மாமா இரண்டு முறை எழுந்தார், அம்மா இரண்டு முறையும் முறைத்து உட்காரவைத்தாள். பேச்சு நீண்டு, பொழுது சாய்ந்து, அக்கா காப்பித் தட்டோடு வந்தபோது கூடத்தில் அந்தச் சிவப்புப் பூச்சி வெளிச்சம்தான். அக்காவின் முகத்தை அவர்கள் பார்த்தார்களா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். ஆனால் பெண் லட்சணம் என்றார்கள். பிடித்துவிட்டது என்றார்கள். ஒரே ஒரு விஷயம், பெண் மைதானத்தில் பேட்டைத் தூக்கிக்கொண்டு ஆடுவதாகக் கேள்விப்பட்டோம், அதை மட்டும் நிறுத்திவிட வேண்டும் என்றார்கள்.

ஆமாம், அக்கா ஆடினாள். பால் பேட்மின்டன். மஞ்சள் கம்பளிப் பந்து, மரப் பேட், பக்கத்துக்கு ஐந்து பேர். அப்பாவின் மனைகளிலேயே விலைபோகாத ஒரு பள்ளத்து மனை இருந்தது. மழைக்காலத்தில் அது குளம், கோடையில் கோர்ட். வெளிச்சம் இருக்கிற நேரமெல்லாம் பையன்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள். பொழுது சாய்ந்து அவர்கள் டீக்கடைக்குப் போன பிறகுதான் பெண்களுக்கு இடம் கிடைக்கும். பார்த்தீர்களா, பகல் அவர்களுக்கு, லோ வோல்டேஜ் எங்களுக்கு. இந்த நியாயத்தை அப்போது யாரும் கேட்கவில்லை, எனக்குக் கேட்கத் தோன்றவே ஐம்பது வயதாகிவிட்டது.

மாமாதான் விளக்குப் போட்டுக் கொடுத்தார். நாலு மூலையிலும் சவுக்குக் கம்பம், கம்பத்துக்கு ஒரு ஐந்நூறு வாட்ஸ் பல்பு, எங்கள் வீட்டு மீட்டரிலிருந்து ஒயர். வெளிச்சம் கீழே விழ பல்புக்கு மேல் கவிழ்க்க ஏதாவது வேண்டுமே என்று அம்மாவின் எனாமல் பேசின்களை நடுவில் ஓட்டை போட்டு மாட்டிவிட்டார். வெள்ளை எனாமல், விளிம்பில் நீலக் கோடு. அம்மாவுக்குக் கல்யாணச் சீராக வந்தவை. அவள் ஒரு வாரம் தம்பியோடு பேசவில்லை. இவ்வளவும் செய்து, சுவிட்சைப் போட்டால், நாலு கம்பத்திலும் நாலு பழுத்த ஆரஞ்சுப் பழம் தொங்கும். அவ்வளவுதான் வெளிச்சம்.

ஆனால் அந்த அரைகுறை வெளிச்சத்தில் ஆடி ஆடி அந்த ஐந்து பெண்களுக்கும் ஒரு வித்தை கைவந்துவிட்டது. பந்தை அவர்கள் தேடமாட்டார்கள். எதிரே நிற்கிறவளின் மணிக்கட்டைப் பார்ப்பார்கள், பேட்டில் பந்து படுகிற சத்தத்தைக் கேட்பார்கள், பந்து வலைக்கு மேலே மங்கலாக ஒரு நொடி தெரிகிறபோது சரியாக அங்கே நிற்பார்கள். அக்கா நடுவில் ஆடுகிறவள். வலைக்குப் பக்கத்தில் அவள் கையைத் தூக்கினால் பந்து எதிராளியின் காலடியில் கிடக்கும். வேறெங்கும் அவளை அவ்வளவு அழகாக நான் பார்த்ததில்லை, கல்யாணப் புடவையில்கூட.

திருநீர்மலைக்காரர்கள் போன பிறகு அக்கா அழவுமில்லை, சாப்பிடாமல் கிடக்கவுமில்லை. நேராக அப்பாவிடம் போனாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிட்டியிலிருந்து ஒரு பெண்கள் டீம் எங்கள் கோர்ட்டுக்கு ஆட வருவதாக இருந்தது. மாநில டீமுக்கு ஆள் எடுக்கிற ஒருவரும் கூட வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அவருக்குப் பிடித்திருந்தால் திருச்சியில் ஒரு மாசப் பயிற்சி முகாம். அக்கா அப்பாவிடம் கேட்டது அந்த ஒரு மேட்சைத்தான்.

அப்பா கொடுமைக்காரர் இல்லை. ஆனால் பெண்ணை வயசு தாண்டி வீட்டில் வைத்திருக்கிறோமே என்ற பயம் அவருக்கு. நல்ல இடம் கைநழுவிப் போய்விடுமோ என்ற பயம். ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்.

"ஜெயிச்சா திருச்சிக்குப் போ, நான் குறுக்க நிக்க மாட்டேன். தோத்துட்டா பேட்டைப் பரண்மேல போட்டுடணும். மறுநாளே அவங்களுக்குச் சரின்னு சொல்லி அனுப்பிடுவேன்."

அக்கா சரி என்றாள். அம்மா அப்பாவை முறைத்தாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நான் மாங்காய் தின்றுகொண்டிருந்தேன். உப்பும் மிளகாய்த்தூளும் போட்ட அந்த மாங்காயின் புளிப்புகூட நாக்கில் இருக்கிறது, ஆனால் அன்றைக்கு அந்தப் பேச்சு எவ்வளவு பெரியது என்று எனக்கு உறைக்கவில்லை.

வாக்குக் கொடுத்துவிட்டால் அப்பா அதைப் பாதியில் விடுகிற ஆள் இல்லை. மேட்ச் என்றால் முறையான மேட்சாக இருக்க வேண்டும், வெளியூர்க்காரர்கள் வந்து இதென்ன குடிசையில் ஏற்றின விளக்கா என்று கேட்டால் ஊர் மானம் போய்விடும் என்று சொல்லிக்கொண்டு, ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒருவரும் லைட், ஃபேன் எதுவும் போடக்கூடாது, தெருவின் மொத்த கரண்டும் கோர்ட்டுக்கு வந்து சேர வேண்டும். அவரிடம் மனை வாங்கினவர்கள் தானே எல்லோரும். தட்டவில்லை. எப்படியும் மேட்ச் பார்க்கத்தான் வரப்போகிறோம், வீட்டில் யாருக்கு லைட் என்றார்கள். இதில் யாருக்காவது ஒரு குறை தோன்றியதா என்றால், இல்லை. வெளிச்சம் எவ்வளவுக்கு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு நல்லது என்று பெரியவர்கள் எல்லோரும் நம்பினார்கள். மாமாகூட நம்பினார், அத்தனை படித்தவர்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சிட்டிப் பெண்கள் வேனில் வந்து இறங்கினார்கள். ஐந்து பேருக்கும் ஒரே மாதிரி வெள்ளைக் கான்வாஸ் ஷூ. எங்கள் பெண்களில் மூன்று பேர் வெறுங்கால். அம்பயர் ஒரு ஸ்டூலில் ஏறி நின்றார். ஆள் எடுக்கிறவர் எங்கள் வீட்டு நாற்காலியில், அவருக்குப் பக்கத்தில் அப்பா, அப்பாவின் மடியோரம் நான். இருட்டத் தொடங்கியதும் தெருவே அணைந்தது. மாமா சுவிட்சைப் போட்டார்.

அடேயப்பா! அந்த மாதிரி வெளிச்சத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை. ஆரஞ்சுப் பழமெல்லாம் வெள்ளை வெளேரென்று வெடித்த மாதிரி இருந்தது. கூட்டம் ஹோவென்று கத்தியது. தரையில் கிடந்த சின்னக் கல்கூடத் தெரிந்தது. அம்மாவின் பேசின்களில் நீலக் கோடு தெரிந்தது. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எப்படி என்பது போல அந்த மனிதரைப் பார்த்தார்.

ஆட்டம் தொடங்கின கொஞ்ச நேரத்திலேயே ஏதோ சரியில்லை என்று எனக்கே தெரிந்தது. அக்கா ஒரு பந்தை விட்டாள். இன்னொன்றை விட்டாள். கையை முன்னாலேயே வீசிவிடுகிறாள், பந்து பிறகு வருகிறது. அண்ணாந்து பார்த்தால் பல்பு கண்ணில் குத்துகிறது. மங்கல் வெளிச்சத்தில் நிழலே விழாது. இப்போது ஒவ்வொருத்திக்கும் நாலு பக்கமும் நாலு கறுப்பு நிழல், பந்துக்கும் நாலு நிழல். எங்கள் பெண்கள் எதன் பின்னால் ஓடுவது என்று தெரியாமல் ஒருவர் மேல் ஒருவர் முட்டிக்கொண்டார்கள். சிட்டிப் பெண்களுக்கு இது பழகின வெளிச்சம். நிதானமாக, அழகாக ஆடினார்கள். முதல் ஆட்டம் பரிதாபமாகப் போயிற்று. கூட்டத்தில் யாரோ, இவளையா இத்தனை நாள் பெரிய ஆட்டக்காரி என்றோம் என்றது காதில் விழுந்தது.

மூன்றில் இரண்டு ஜெயிக்க வேண்டும். இன்னொன்று போனால் எல்லாம் போயிற்று. இடைவேளையில் ஆள் எடுக்கிறவர் டீ குடிக்க எழுந்து போனார். அக்கா வியர்வையைத் துடைக்காமல் நேராக அப்பாவிடம் வந்தாள். நான் அங்கேயே இருந்தேன், ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.

"அப்பா, எல்லாரையும் வீட்ல லைட்டைப் போடச் சொல்லுங்கப்பா."

அப்பாவுக்குப் புரியவில்லை. லைட்டைப் போட்டால் இங்கே மங்கிவிடுமே என்றார்.

"மங்கட்டும்பா. இந்த வெளிச்சம் எங்களுக்குப் பழக்கமே இல்ல. பந்து எங்க இருக்குன்னே தெரியல."

அப்பா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அன்றைக்குத்தான் முகம் முழுசாகத் தெரிகிற வெளிச்சம் ஆயிற்றே. அவர் மனசில் என்ன ஓடியிருக்கும் என்று பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவர் ஒன்றுமே செய்ய வேண்டாம். அந்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தால் போதும். இன்னும் கொஞ்ச நேரத்தில் மேட்ச் முடிந்துவிடும், பேட் பரணுக்குப் போய்விடும், மறுநாள் திருநீர்மலைக்கு ஆள் போய்விடும். அவர் ஆசைப்பட்டது எல்லாம் நடந்துவிடும். பழி யார் மேலும் வராது. நல்லதுக்காக வெளிச்சம் ஏற்பாடு செய்த அப்பா என்ற பெயரும் நிற்கும்.

கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"போட்டா ஜெயிச்சிடுவியா?"

"தெரியலப்பா. ஆனா ஆடுவேன். இப்ப நான் ஆடவே இல்ல."

அப்பா எழுந்தார். கூட்டத்துக்குள் போய், ஒவ்வொரு வீட்டுக்காரராகத் தேடிப் பிடித்து, வீட்டுக்கு ஒருவர் ஓடிப்போய் இருக்கிற லைட், ஃபேன் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வாருங்கள் என்றார். பம்மலில் தோல் தொழிற்சாலையில் வேலை பார்க்கிற ஒருவர், அப்பாவிடம் கடைசியாக மனை வாங்கினவர், நல்ல இடம் பிடித்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு எழுந்திருக்க மனசே இல்லை.

"இன்னா சார், ஆஃப் பண்ணச் சொன்னதும் நீதான், இப்ப போடச் சொல்றதும் நீதான். ஒரே பேஜாரா கீதே" என்று முனகிக்கொண்டே போனார். ஆனால் போனார்.

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு நடந்தார். அம்மா சிம்னி விளக்கை வைத்துக்கொண்டு வந்தவர்களுக்கு லெமன் சாதம் கிளறிக்கொண்டிருந்தாள். மேட்ச் முடிந்துவிட்டதா என்று பயந்துபோய்க் கேட்டாள்.

"இல்ல. இனிமேதான் ஆரம்பம்" என்றார் அப்பா.

பிறகு கூடத்து லைட், சமையலறை லைட், கொல்லை லைட் என்று ஒவ்வொன்றாகப் போட்டார். கம்பிச் சுருள் அடுப்பைப் போட்டார். இஸ்திரிப் பெட்டியைச் சொருகி, சூடாக ஆரம்பித்ததும் ஒரு செங்கல் மேல் நிமிர்த்தி வைத்தார். ஃப்ரிட்ஜுக்காக வாங்கின ஸ்டெபிலைசரில் வோல்டேஜ் காட்டுகிற முள் ஒன்று உண்டு. தினமும் ஜுரம் பார்ப்பதுபோல அதைப் பார்த்து அது இறங்க இறங்க உச்சுக் கொட்டுகிறவர், அன்றைக்கு அது சரசரவென்று இறங்குவதைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். இன்னும், இன்னும் என்று முனகிக்கொண்டிருந்தார். அம்மா கரண்டியோடு வந்து பார்த்துவிட்டு, வீடு பற்றிக்கொள்ளப் போகிறது என்றாள். ஆனால் அவள் முகத்தில் கோபம் இல்லை. கொல்லையில் கிணற்று மோட்டார் ஒன்று பாக்கி இருக்கிறது என்று அவளே ஞாபகப்படுத்தினாள்.

நாங்கள் திரும்பி வந்தபோது கம்பத்தில் நாலு ஆரஞ்சுப் பழம்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எப்படிச் சொல்ல? அக்கா அக்காவாகிவிட்டாள். ஐந்து பேரும் ஒரு வார்த்தை பேசாமல், சத்தம் கேட்டு, மணிக்கட்டுப் பார்த்து, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தார்கள். சிட்டிப் பெண்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு காற்றில் பேட்டை வீசினார்கள். இரண்டாவது ஆட்டம் எங்களுக்கு வந்தது. அநியாயம் என்பீர்கள். இருக்கலாம். முதல் ஆட்டம் அவர்கள் வெளிச்சத்தில் நடந்தது, இது எங்கள் வெளிச்சத்தில் நடந்தது, கணக்குத் தீர்ந்தது என்பேன் நான்.

சிட்டி டீமின் கேப்டன் சும்மா இருப்பாளா? நேராக அம்பயரிடம் போய், முதலில் இருந்த வெளிச்சம் எங்கே போயிற்று, இந்த இருட்டில் எப்படி ஆடுவது என்று சண்டை பிடித்தாள். நியாயமான பேச்சு. அம்பயர் ஸ்டூலிலிருந்து இறங்கி வந்து, வோல்டேஜ் ஏன் இப்படி இறங்கிவிட்டது, மறுபடி ஏற்ற முடியாதா என்று அப்பாவிடம் கேட்டார். லைட்டைப் போட்டுவிட்டு வந்த அத்தனை பேரும் அப்பாவின் வாயையே பார்த்தார்கள். எங்கள் அப்பா பொய் சொல்லமாட்டார். மனை வாங்க வருகிறவனிடம் மழைக்காலத்தில் இங்கே தண்ணீர் நிற்கும் என்று தானே முன்வந்து சொல்லி வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்கிறவர்.

"முன்னாடி இருந்ததுதான் சார் எங்களது இல்ல. உங்களுக்காகத் தெரு பூரா லைட்டை அணைச்சு வச்சிருந்தோம். தினமும் எங்க புள்ளைங்க ஆடுற வெளிச்சம் இதுதான்" என்றார்.

அம்பயர் அண்ணாந்து நாலு பல்பையும் பார்த்தார், ஆள் எடுக்கிறவரைப் பார்த்தார். ஆள் எடுக்கிறவர் தன் நாற்காலியை வலைக்குப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, தினமும் இதிலேயா ஆடுகிறார்கள், எங்கே பார்ப்போம் என்றார். இரண்டு பக்கமும் ஒரே வெளிச்சம்தானே என்று சொல்லி அம்பயர் ஸ்டூலில் ஏறிவிட்டார்.

மூன்றாவது ஆட்டம் சுலபமாக இல்லை. சிட்டிப் பெண்கள் கெட்டிக்காரிகள், அதற்குள் அந்த மங்கலுக்குக் கண்ணைப் பழக்கிக்கொண்டார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் என்று போய்க்கொண்டே இருந்தது. வேர்க்கடலைக்காரர் தன் இடம் பறிபோனதையும் மறந்து ஸ்டூலின் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசிப் பந்து உயரமாக வந்தது. பேசினுக்கு மேலே போய் இருட்டில் மறைந்துவிட்டது. எனக்குத் தெரியவில்லை, ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அக்கா இரண்டு அடி பின்னால் வந்து, எங்கேயும் பார்க்காமல், கையைத் தூக்கினாள். டப் என்று சத்தம் மட்டும் கேட்டது. பந்து அந்தப் பக்கம் கோட்டுக்கு உள்ளே கிடந்தது.

ஆள் எடுக்கிறவர் அக்காவிடம் வந்து, திருச்சிக்கு எப்போது வருகிறாய் என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார், அதற்குள் மாமா அழுதுவிட்டார். பிற்பாடு அக்கா பத்து வருஷத்துக்கு மேல் ஆடினாள், ஊர் ஊராகப் போனாள், தனக்குப் பிடித்தவரை அப்பா சம்மதத்தோடு கட்டிக்கொண்டாள். இப்போது சேலையூரில் இருக்கிறாள். முழங்கால் இரண்டும் போய்விட்டது, வாய் போகவில்லை. தெருவுக்கும் புது டிரான்ஸ்பார்மர் வந்தது. பள்ளத்து மனைகூட விலைபோயிற்று.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது அன்றைக்கு வேனை அனுப்பிவிட்டு வந்து நாங்கள் சாப்பிட உட்கார்ந்ததைத்தான். மிஞ்சின லெமன் சாதமும் மோரும். தெருவே விளக்கைப் போட்டு வைத்திருந்ததால் எங்கள் கூடத்தில் வழக்கத்தைவிட மோசமான வெளிச்சம். ஒருவர் முகம் ஒருவருக்குச் சரியாகத் தெரியவில்லை. அப்பா சாதத்தைப் பிசைந்துகொண்டே அக்காவைக் கேட்டார்.

"நான் எழுந்திரிக்காம உக்காந்தே இருந்திருந்தா என்னம்மா பண்ணியிருப்பே?"

அக்கா யோசிக்கவே இல்லை.

"தோத்திருப்பேன்பா. நீங்க சொன்னபடி பேட்டைப் பரண்ல போட்டுட்டு அவங்களுக்குச் சரின்னு சொல்லியிருப்பேன். ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன்."

"தெரியும்" என்றார் அப்பா. "அதுக்குத்தாம்மா எழுந்தேன்."

சொல்லிவிட்டு, மோருக்கு உப்பு போதவில்லை என்று அம்மாவிடம் கையை நீட்டினார்.